செக்ரோலில் இல்லாத ஏழு பேர்

கஞ்சி அண்டா என் கையிலயிருந்துதான் நழுவிச்சு. மத்த கதையெல்லாம் அப்புறம் சொல்றேன், இத மொதல்ல சொல்லிப்புடுறேன். அன்னைக்கு இதச் சொல்ல எனக்கு வாய் வரல. அண்டா நழுவுனதுல எங்க சமையக்கார அக்காவுக்கு வலது கை போச்சு, நான் சொல்லாததால இருக்க இடமும் போகப் பாத்துச்சு.

அது ரெண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்கியிருந்த நேரம். அதுக்கு அஞ்சு வருஷம் முந்தி, ஊரெல்லாம் மலேரியா காய்ச்சல் அடிச்சப்ப, எம் புருசன் கீழ கொக்கோ தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டு காய்ச்சலோட திரும்பி வந்தாரு. பத்தாம் நாள் போயிட்டாரு. நாங்க இருந்தது ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலத் தோட்டம். கைப்புள்ளையோட நான் ஒருத்தி மட்டும் லயத்து வரிசை வீட்டுல என்ன செய்யுறது? மாத்தளை டவுனுக்கு மேல, கோப்பி மூட்டை அடுக்கி வச்சிருந்த பழைய கிட்டங்கி ஒண்ணுல அனாதைப் பிள்ளைங்களுக்கு மடம் தொடங்கியிருக்காங்க, ஆயா வேலைக்கு ஆள் தேடுறாங்கன்னாங்க. மகளத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்துட்டேன். காய்ச்சல்ல தாய் தகப்பன எழந்த பிள்ளைங்கதான் அங்க முக்காவாசி. ஊர்ல அதுக்கு பிள்ளை மடம்னு பேரு. தோட்டத்துத் தொரமாரோட சம்சாரங்களும் டவுன்ல பெரிய மனுசங்களும் சேந்து ஒரு கமிட்டி வச்சு நடத்துனாங்க.

வேலை செய்யுறவங்க ஏழு பேர். எல்லாரும் பொம்பளைங்க. சமையலுக்கு அக்கா. தையலுக்கு ஒரு ராத்தா, அவங்க முஸ்லிம், பக்கத்துக் கிராமத்துலயிருந்து தினம் வந்து போவாங்க. துணி துவைக்க, கூட்ட, குழந்தைங்களப் பாக்க நாங்க அஞ்சு பேர். எங்களுக்கு மேல மேட்ரன் அம்மா. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். காய்ச்சல் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தத நானே பாத்திருக்கேன். ஆனா நாங்க எதக் கேட்டாலும் அவங்ககிட்ட ஒரே பதில்தான். அரைநாள் லீவு கேட்டா, “பிள்ளைங்க பாவம் இல்லையா?” அண்டா தூக்க இன்னொரு ஆள் கேட்டா, “பிள்ளைங்க பாவம் இல்லையா?” ஒடம்புக்கு முடியலன்னு படுத்தாலும் அதுதான். “இது வேலை இல்ல, புண்ணியம். புண்ணியத்துக்கு மணி பாப்பாங்களா?” அப்படிக் கேட்டா நாம என்னத்தச் சொல்றது? பிள்ளைங்க பாவம்தானே. அந்த ஒரு சொல்ல வச்சே எங்கள அஞ்சு வருஷம் கட்டிப் போட்டாங்க.

எம் மக என்னைய அம்மான்னு கூப்புடக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. ஒரு பிள்ளை மட்டும் அம்மான்னா மத்ததுங்க ஏங்கிப் போகுமாம், அதனால எல்லாரையும் மாதிரி ஆயான்னுதான் கூப்புடணுமாம். நியாயமாத்தான் பட்டுச்சு. வெறகுக் கொட்டாய்க்குப் பின்னால மட்டும், யாரும் இல்லாத நேரம், என் கழுத்தக் கட்டிக்கிட்டு காதுக்குள்ள ‘அம்மா’ம்பா. காத்து ஊதுற மாதிரி அவ்வளவு மெதுவா. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போகும்.

வருஷத்துல ஒரு தடவ கமிட்டி நாள். பிள்ளைங்க வெள்ள உடுப்புல மொத வரிசையில நிப்பாங்க. பின்னால நாங்க ஏழு பேர். கமிட்டிக்குத் தலைவியா இருந்த பெரிய தொரசாணி ஒவ்வொருத்தரா கூப்புட்டு ஒரு பூப்போட்ட சீத்தத் துணி குடுப்பாங்க. ரெண்டு கையையும் நீட்டி வாங்கி, கும்புட்டு, அப்புறம் மேசை மேல இருக்குற கறுப்பு அட்டைப் புத்தகத்துல பெருவிரல வைக்கணும். எங்களுக்கு அதுல தாங்க முடியாத பெருமை. தோட்டத்துல பொறந்த எங்களுக்கு புத்தகம்னா ஒரே புத்தகம்தான் தெரியும், செக்ரோல். வேலைக்காரங்க பேர் இருக்குற புத்தகம். அதுல பேர் விழுந்தா அந்தத் தோட்டத்து ஆள். விழலன்னா நாதியத்தவ. இது மடத்துச் செக்ரோல்னு நாங்களே முடிவு கட்டிக்கிட்டோம். யார்கிட்டயும் கேக்கல. விரல்ல இருக்குற மைய நான் ரெண்டு நாள் தேச்சுக் கழுவ மாட்டேன்னா பாத்துக்கங்களேன். எப்பேர்ப்பட்ட மடச்சி நான்!

அந்த வருஷம் பிள்ளைங்களுக்கு அம்மை போட்டுச்சு. ஒண்ணு மாத்தி ஒண்ணு விழுந்துச்சு. மூணு நாள் நான் ஒக்காரவே இல்ல. நாலாம் நாள் காலையில அக்காவும் நானும் கஞ்சி அண்டாவ கம்புல மாட்டி, ஆளுக்கொரு பக்கம் புடிச்சு, குசினியிலயிருந்து மண்டபத்துக்குத் தூக்கிட்டு வர்றோம். நடந்துக்கிட்டே தூங்கிட்டேன் போல. கம்பு என் கையிலயிருந்து போனது எனக்கே தெரியல. அக்கா அலறுனது மட்டும்தான் கேட்டுச்சு. கொதிக்கிற கஞ்சி முழுசும் அவ வலது கையில.

மேட்ரன் ஓடி வந்தாங்க. எப்படி நடந்துச்சுன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அக்கா சொன்னா, “நான்தாங்கம்மா. கால் வழுக்கிருச்சு.” எனக்கு ஒண்ணும் புரியல. ராத்தா அவ கைக்கு வாழ எல சுத்துறப்ப மெதுவா கேட்டேன், ஏன்க்கா இப்படிச் சொன்னேன்னு. “நீதான்னு தெரிஞ்சா ஒன்னைய வெளிய அனுப்பிருவாங்க. எனக்கு முன்னுமில்ல பின்னுமில்ல, ஒனக்குப் புள்ள இருக்குல்ல. வாய மூடிக்கிட்டு இரு புள்ள.” நானும் மூடிக்கிட்டு இருந்தேன். வெக்கமாத்தான் இருக்கு, ஆனா இருந்தேன்.

புண்ணு ஆறிப்போச்சு. விரலுங்க ஆறல. உள்ளங்கைக்குள்ள சுருண்டு ஒட்டிக்கிச்சு. கரண்டி புடிக்க முடியாது. ஒரு நாள் மேட்ரன் அக்காவக் கூப்புட்டு, “கமிட்டி நாள் முடிஞ்சதும் நீ வேற எடம் பாத்துக்க. இவ்வளவு காலம் ஆதரவு குடுத்தோம், இனி எங்களால முடியாது”ன்னாங்க. அக்காவோட அண்ணன் குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போயி வருஷக்கணக்காச்சு. கை இல்லாதவளுக்கு எந்தத் தோட்டத்துல பேர் பதிவாங்க? குசினி வாசல்ல ஒக்காந்து சுருண்ட கையப் பாத்துக்கிட்டே இருந்தா. என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ராத்தாவுக்குத்தான் பொறுக்கல. “சும்மா ஒக்காந்து அழுதா ஆச்சா? டவுன்ல வக்கீலு ஒருத்தரு, பிரக்கிராசி, கந்தோர் வச்சிருக்காரு. அங்க கடதாசி எழுதுறவரு நல்ல மனுசன். வேலையில காயம் பட்டவங்களுக்கு சட்டம் இருக்காம், எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. வாங்க கேப்பம்”னாங்க. சந்தைக்கு மரக்கறி வாங்கப் போற நாள்ல அக்கா, நான், ராத்தா மூணு பேரும் அந்த வக்கீல் கந்தோருக்குப் போனோம். பிரக்கிராசி ஐயா கோட்டுக்குப் போயிருந்தாரு. எழுதுறவரு மட்டும் இருந்தாரு.

அக்கா கைய நீட்டிக் காட்டுனா. அவரு பாத்துட்டு, “வேலையிலதானே பட்டுச்சு? வேலைக்காரங்கன்னு ஒங்க பேர் எங்க இருக்கு?”ன்னாரு.

“செக்ரோல்ல இருக்குங்க. வருஷா வருஷம் வெரல் வைக்கிறோம்”னு நான் முந்திக்கிட்டுச் சொன்னேன்.

அவரோட பிரக்கிராசி ஐயாவும் மடத்துக்குச் சந்தா குடுக்குறவருதான்னு சொல்லி, அலுமாரியத் தொறந்து ஒரு அச்சடிச்ச புத்தகத்த எடுத்தாரு. மடத்தோட வருஷ அறிக்கையாம். இங்கிலீசுல இருந்துச்சு. விரல வச்சு வச்சுப் படிச்சாரு. முகம் மாறிப்போச்சு. “அம்மா, இதுல மேட்ரன் ஒருத்தங்கதான் வேலை செய்யுறவங்க. ஒங்க பேரெல்லாம் ஒதவி வாங்குறவங்க பக்கத்துல இருக்கு. அனாதைப் பிள்ளைங்க, அப்புறம் ஆதரவத்த விதவைங்க ஏழு பேர். துணி வாங்கிட்டு வெரல் வச்சதா சொல்றீங்களே, அது தர்மம் வாங்குனதுக்கு அடையாளம். செக்ரோல் இல்ல.”

ராத்தாதான் மொதல்ல வாயத் தொறந்தாங்க. “அல்லாவே! ஏழு விதவையா? எம் மனுசன் காலையிலதானே ரொட்டியத் தின்னுட்டு பாக்கு யாவாரத்துக்குப் போனாரு. அவர எப்ப மௌத்தாக்குனாங்க?”

அந்த நேரத்துலயும் அக்கா சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே அழுதா. அஞ்சு வருஷம் வெடிய முந்தி எந்திரிச்சு வெறகு பொளந்து சோறாக்குனவ. அவளுக்கு மடம் சோறு போட்டுச்சாம்! எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசா எறங்கல.

எழுதுறவரு சொன்னாரு, “தோட்டங்கள்ல இப்ப சங்கம் வைக்கிறாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. ஏழு பேர் சேந்தா நீங்களும் பதியலாம். பதிஞ்சா அரசாங்கக் கடதாசியில ஒங்க பேருக்கு நேரா தொழில் என்னன்னு எழுதியாகணும். அப்புறம் நீங்க யாருன்னு கண்டி தொழில் கந்தோர்லயிருந்து ஆள் வந்து கேப்பாங்க. ஏழு பேர் வேணும், ஆறு பத்தாது. இன்னொண்ணு. காயம் இந்தம்மாவோட கவனக்கொறைவுன்னு மேட்ரன் எழுதியிருப்பாங்க. கூட இருந்தவங்க யாராவது நடந்தத நடந்தபடி சொல்லணும்.” நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

தையல் அறையிலதான் கூடிப் பேசுனோம். துணி மடிக்கிற சாக்குல ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஆயாமார்ல ஒருத்தி எடுத்த எடுப்புலயே வேண்டாம்னா. “சங்கம்னா வேலைய நிறுத்துறது. நாம நிறுத்துனா பால்குடிப் புள்ளைக்கு யாரு பால் காச்சுறது? தோட்டத்துல கொழுந்து முத்திப் போகும், அவ்வளவுதான். இங்க புள்ள செத்துப் போகும்.” அவ சொன்னது நெசம். எங்க கையக் கட்டியிருந்த கயிறே அதுதான்.

அக்காதான் பேசுனா. “பிள்ளைங்கள விட்டுட்டுப் போறதுக்குத்தான் சங்கம்னா எனக்கு வேண்டாம். நான் கேக்குறது பிள்ளைங்களோட இருக்குறதுக்கு. மூணு நாள் தூங்காத ஒருத்தியும் நானும் அந்த அண்டாவத் தூக்கியிருக்கக் கூடாது. இன்னொரு ஆள் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? அந்தக் கஞ்சி ஒரு புள்ள மேல கொட்டியிருந்தா? நான் ஒருத்தி கேட்டா புண்ணியம்ங்குறாங்க. ஏழு பேர் கேட்டா என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.” சமையல், துணி, மருந்து எதையும் நிறுத்துறதில்லன்னு பேசி முடிச்சோம். கமிட்டி நாள்ல யாரும் கை நீட்டுறதில்ல, அந்தக் கறுப்புப் புத்தகத்துல வெரல் வைக்கிறதில்ல. அது மட்டும்தான்.

எழுதுறவரு எழுதிக் குடுத்த சங்கக் கடதாசியில ஆறு பேர் வெரல் வச்சாங்க. அக்காவும் வச்சா. சுருண்ட கையில பெருவிரல மட்டும் மத்தக் கையால இழுத்துப் புடிச்சு அழுத்துனா. நான் மட்டும் நாளைக்குன்னேன். ராத்தா கடதாசிய நூல் பெட்டிக்கு அடியில வச்சுட்டாங்க. அக்கா போறப்ப என் தோளத் தட்டி, “ஒனக்கு முடியாதுன்னா விடு புள்ள. நான் கோவிச்சுக்க மாட்டேன்”னா.

நான் சொன்ன அந்த ‘நாளைக்கு’ ரெண்டு தடவ வந்து போச்சு. கமிட்டி நாளுக்கு ரெண்டே நாள் இருக்கப்ப மேட்ரன் என்னையத் தனியா கூப்புட்டாங்க. யாரோ சொல்லியிருக்காங்க. கதவச் சாத்தி, ஒக்காருன்னாங்க. அஞ்சு வருஷத்துல என்னைய ஒக்காரச் சொன்னது அன்னைக்குத்தான். நான் ஒக்காரல, நின்னுக்கிட்டே இருந்தேன்.

“சங்கம் கிங்கம்னு ஏதோ பேச்சு நடக்குதாமே. நீ அதுல இல்லன்னு எனக்குத் தெரியும். ஒனக்குப் புத்தியிருக்கு”ன்னாங்க. அவங்க மெதுவா, நல்லதுக்குச் சொல்ற மாதிரித்தான் சொன்னாங்க. “தாய் இருக்குற புள்ளைய இங்க சேக்கக் கூடாதுன்னுதான் மடத்துச் சட்டம். ஒனக்காக நான் சட்டத்த மீறியிருக்கேன். ஒம் மகள எப்படி எழுதியிருக்கேன் தெரியுமா? தாயும் இல்ல, தகப்பனும் இல்லன்னு. அதத் திருத்த வேண்டிய நெலமைய எனக்கு நீ வைக்காத.”

எம் மக அனாதை. நான் அவங்க முன்னால நிக்குறேன், மூச்சு விடுறேன், அடுத்த அறையில எம் மக பாட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கா. ஆனா புத்தகத்துல நான் செத்துட்டேன். ராத்தா புருசனப் பாத்துச் சிரிச்சோமே, என்னையும் ஒரு பக்கத்துல பொதைச்சு வச்சிருக்காங்க. ஆயான்னு ஏன் கூப்புடச் சொன்னாங்கன்னு அப்பதான் வெளங்குச்சு.

“சரிங்கம்மா”ன்னுட்டு வெளிய வந்தேன். நேரா தையல் அறைக்குப் போனேன். ராத்தா மெசின்ல இருந்து நிமிந்து பாத்தாங்க. நானே நூல் பெட்டியத் தூக்கி, கடதாசிய எடுத்து, வெரல வச்சேன். அவசரத்துல ரேகை அழிஞ்சு போச்சு. பக்கத்துல இன்னொண்ணு வச்சேன்.

கமிட்டி நாள் வந்துச்சு. பிள்ளைங்க வரிசையில எம் மக ரெண்டாவதா நின்னா, ரெட்டப் பின்னல் போட்டு, வெள்ள உடுப்புல. பாட்டு முடிஞ்சுச்சு. பெரிய தொரசாணி எந்திரிச்சாங்க. பக்கத்துல தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஒருத்தர், அவங்க பேசுறதத் தமிழ்ல சொல்ல. வயசுல மூத்தவன்னு அக்காவத்தான் மொதல்ல கூப்புட்டாங்க.

அக்கா முன்னால போயி நின்னா. தொரசாணி துணிய நீட்டுனாங்க. அக்கா கை ரெண்டும் பக்கத்துல தொங்குச்சு. தொரசாணி சிரிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்சம் நீட்டுனாங்க. அக்கா அசையல. மேட்ரன் பதறிப்போயி, “கை சரியில்ல, அதான்”னு துணிய வாங்கி அக்கா தோள்ல போட்டாங்க. அது நழுவிக் கீழ விழுந்துச்சு. அத எடுக்க யாரும் குனியல.

ரெண்டாவது ராத்தா. கை நீட்டல. மூணாவது, நாலாவது, யாரும் நீட்டல. பால்குடிப் புள்ளைக்கு யாரு பால் காச்சுறதுன்னு கேட்டாளே, அவளும் நீட்டல. கடைசியில நான். மேட்ரன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கண்ண எம் மக பக்கம் திருப்பி, திரும்ப என் மேல வச்சாங்க.

தொரசாணி ஏதோ கேட்டாங்க. “என்ன வேணும்னு கேக்குறாங்க”ன்னாரு கிளாக்கர்.

நான் சொன்னேன். “எங்களுக்குத் துணி வேண்டாங்க. அக்கா கால் வழுக்கல. அண்டா என் கையிலயிருந்துதான் நழுவுச்சு. மூணு நாளா நான் தூங்கல. என்னைய வெளிய போடக் கூடாதுன்னு அக்கா பொய் சொன்னா. நாங்க ஏழு பேரும் இங்க பிச்சைக்கு இல்ல, வேலை செய்யுறோம். வேலை செஞ்ச எடத்துலதான் அவ கை வெந்துச்சு. இப்ப அவள அனுப்பப் பாக்குறாங்க.” கிளாக்கர் மொழிபேத்து முடிக்கிற வரைக்கும் நின்னேன். முடிச்சதும், அதுவரைக்கும் சொல்லணும்னு நெனைக்காததும் வந்துருச்சு. “அந்தா ரெண்டாவதா நிக்குறா பாருங்க, ரெட்டப் பின்னல். அவ அனாதை இல்ல. எம் மக. நான் உசிரோட இருக்கேன்.”

கிளாக்கர் தயங்குனாரு. மேட்ரனப் பாத்தாரு.

“அதையும் சொல்லுங்கய்யா”ன்னேன். சொன்னாரு.

கமிட்டி ஆளுங்க எழும்பி கந்தோருக்குள்ள போயிட்டாங்க. நாங்க குசினிக்குப் போனோம். பிள்ளைங்களுக்குச் சோத்து நேரம். நாலு பேர் சேந்து அண்டாவத் தூக்குனோம். மேட்ரன் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போனாங்க.

அக்காவ அந்த வாரம் அனுப்பல, அதுக்கடுத்த வாரமும் அனுப்பல. சங்கக் கடதாசி போய்ச் சேந்து, கொஞ்ச நாள்ல கண்டியிலயிருந்து தொழில் கந்தோர் ஐயா ஒருத்தர் வந்தாரு. எங்களையும் ஒக்கார வச்சு ஒவ்வொருத்தரா கேட்டாரு, நீ என்ன வேலை செய்யுறேன்னு. அக்கா முறை வந்தப்ப சுருண்ட கைய முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு, “சமையல் செஞ்சுக்கிட்டு இருந்தேங்க”ன்னா. “இருந்தேன் என்ன, சமையக்காரின்னு எழுதுங்கய்யா”ன்னு ராத்தா அதட்டுனாங்க. அவரு அப்படியே எழுதுனாரு. கை வெந்தது வேலையிலதான்னும் எழுதுனாரு. அக்காவுக்குக் கீழ ரெண்டு ஆள் வந்தாங்க. அவ சாகுற வரைக்கும் அந்தக் குசினிக்கு அவதான் ராணி. எங்க ஏழு பேருக்கும் வேலைக்காரங்கன்னு புதுசா ஒரு புத்தகம் போட்டாங்க. ரொம்பச் சின்னப் புத்தகம்.

பழைய புத்தகத்தையும் திருத்துனாங்க. எம் மக பேர வெட்டிட்டாங்க. தாய் இருக்குற புள்ள மடத்துல படுக்கக் கூடாதுன்னு சட்டம், அத யாரும் மாத்தல. மாத்தச் சொல்லிச் சங்கம் பின்னால வருஷக்கணக்கா மல்லுக்கட்டுச்சு. பேர வெட்டுன அன்னைக்குச் சாயந்தரமே ஒரு துணி மூட்டையோட அவ வெளிய. என்னத்தச் சொல்ல, பெத்த வயிறு எரிஞ்சுச்சு. ராத்தாதான், “என்னாத்துக்கு அழுகுற? என் வீட்டுல ஒரு பாய்க்கு எடமில்லையா?”ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க.

காலையில ராத்தாவோட மடத்து வாசல் வரைக்கும் வருவா. உள்ள விட மாட்டாங்க. நான் வேலையா இருப்பேன், துணி காயப் போட்டுக்கிட்டோ, புள்ளைங்களக் குளிப்பாட்டிக்கிட்டோ. இரும்புக் கேட்டுக் கம்பியப் புடிச்சு ஏறி நின்னுக்கிட்டு, ரோட்டுல போற வர்ற சனமெல்லாம் திரும்பிப் பாக்குற மாதிரி, “அம்மா! அம்மோவ்!”னு அலறுவா. மெதுவா கூப்புடு புள்ளன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல.